பெட்டி செய்யப் பழகினேன்

ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு எங்கள் கல்முனைப் பகுதியிலே மரியாதைக்குக் குறைவில்லை. சந்தியிலே கண்டவர்கள் சலாம் சொல்வார்கள். கலியாண வீட்டிலே முன்வரிசைக் கதிரை கிடைக்கும். பத்திரிகையை முதலில் விரிக்கும் உரிமையும் உண்டு. ஆனால், காலை ஏழரை மணி முதல் பிற்பகல் ஒன்றரை மணி வரை அவனை என்ன செய்வது என்பதுதான் வீட்டாருக்கும் விளங்காது, அவனுக்கும் விளங்காது. பாடசாலை மணி அடித்து அடித்துப் பழகிய உடம்பு, மணி ஓய்ந்த பின்னும் அந்த நேரத்திற்கு எழுந்து நிற்கும். இந்த நிலைமையில்தான் நான் பெட்டி செய்யப் பழகினேன்.

பொழுதுபோக்கு என்று பிறரிடம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் எங்கள் வீட்டுக் குசினிச் சுவரிலே சாய்ந்து கிடந்த ஒரு முதிரைப் பலகை.

அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்பகுதி முஸ்லிம் குடும்பங்களில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டைக் கட்டி அவள் பேருக்கு எழுதிவிடுவர். மாப்பிள்ளை அங்கே சென்று குடியேறுவான். அவ்வாறே கடற்கரையை அடுத்திருந்த எங்கள் வீடு ராத்தாவுக்குப் போயிற்று. உம்மாவும் ராத்தாவுடனேயே இருந்தார். வீட்டோடு சேர்ந்து மகள்வழி வந்த மற்றொரு பொருள், முழ நீளத்திற்கும் குறைவான ஒரு முதிரைப் பெட்டி. காணி உறுதி, கழுத்து நகை, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், பழங்காசு நாலைந்து, எல்லாம் அதற்குள்ளேதான். சிறு வயதில் அதன் மூடி திறக்கும்போது எழும் வாசனைக்காகவே நான் உம்மாவின் முதுகுப்புறம் போய் நிற்பதுண்டு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். உம்மா போனார், வீடு போயிற்று, பெட்டியும் போயிற்று. இரண்டு நாள் கழித்து, அந்த வீட்டு வாசற் கதவின் ஒரு துண்டை அயல் வளவுக் கிணற்றுக் கட்டிலே சாய்ந்தபடி கண்டேன். தூக்கி வந்து என் வீட்டில் வைத்தேன். வட கிழக்குக் கரையோரத்தில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அப்போது சொல்லப்பட்டது. ராத்தா உள்ளூரிலே வேறு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். இத்தனை உயிர் போன ஊரில் ஒரு பெட்டிக்காக வருந்துவது சிறுமை என்று எண்ணி அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. பதின்மூன்று ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

ஓய்வு பெற்ற பின் ஒரு நாள் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடாவியாரிடம் போனேன். எங்கள் பகுதியிலே தச்சரை ஓடாவி என்போம். மரக்கலம் கட்டுவோனுக்கும் உரிய சொல் அது. கடலோர ஊர்களுக்குப் பொருத்தமான பெயர்தான். எழுபதைக் கடந்தவர். அவருடைய மூத்த மகன் என்னிடம் கணக்குப் படித்தவன். கைநடுக்கம் காரணமாக அவர் தொழிலை விட்டு இரண்டு வருடமாகியிருந்தது.

“காக்கா, இதில் எனக்கொரு பெட்டி செய்து தர வேண்டும்” என்றேன்.

பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். எச்சில் தொட்டு ஓரிடத்தைத் துடைத்துப் பார்த்தார். அழுக்கின் கீழே தேன் நிறம் மின்னிற்று.

“முதிரையெண்டா இதுதான். ஆனா இந்தக் கையால இனி ஏலாது மாஸ்டர். நீங்க செய்யுங்க. நான் பக்கத்தில இருந்து சொல்லித் தாறன்.”

அடுத்த நாளே அறுக்கலாம் என்று நினைத்துப் போனவனுக்கு அவர் ஓர் உளியையும் தீட்டுக் கல்லையும் எடுத்துக் கொடுத்தார். “முதல்ல தீட்டப் பழகுங்க. மரத்த நாசமாக்கப் பிறகு பழகலாம்” என்றார். ஆறு வாரம் தீட்டினேன். உளியின் முதுகு கண்ணாடிபோல் ஆகவேண்டும். முனை முன்கை மயிரை ஓசையின்றி எடுக்கவேண்டும். அதன் பின்னரே மாம்பலகையில் கை வைக்க அனுமதி கிடைத்தது.

முதற் பெட்டியை ஓர் ஆகஸ்ட் மாதத்தில் முடித்தேன். கச்சான் காற்று வரண்டு வீசும் காலம். மூடி இம்மியும் பிசகாமல் உள்ளே இறங்கிப் பொருந்திற்று. ஊரெல்லாம் காட்டினேன். பேத்தி தன் வளையல்களை அதிலே வைத்துக்கொண்டாள். நவம்பரில் வடகீழ்ப் பருவமழை பிடித்தது. மூடி இறுகிற்று. பேத்தி இழுத்தாள், நான் இழுத்தேன், மருமகன் இழுத்தார். பெருநாளைக்கு வாங்கிய வளையல்களை மீட்பதற்காக என் முதல் கலைப்படைப்பை நானே உளியால் பிளக்க நேர்ந்தது.

ஓடாவியார் சிரித்து முடிக்கச் சிறிது நேரம் சென்றது. பிறகு விளக்கினார். வெட்டிய மரமும் ஈரத்தை வாங்கும், விடும். நீளவாட்டில் அது ஏறக்குறைய அசையாது. ரேகைக்குக் குறுக்கே, அகலவாட்டில்தான் பெருக்கும், சுருங்கும். ஆறு அங்குல அகலமுள்ள பலகை, கச்சானுக்கும் மாரிக்கும் இடையில் அரை நூல், சில மரங்களில் ஒரு நூல் வரையிற்கூட மாறிவிடும். நூல் என்பது தச்சர் கணக்கில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு. ஆகவே, அடிப்பலகையையும் மேற்பலகையையும் ஒட்டி ஆணியடித்து இறுக்கிவிடலாகாது. நாற்புறச் சட்டத்தின் உள்முகத்திலே காடி வெட்டி, அதற்குள்ளே பசையில்லாமல் செருகிவிட வேண்டும். மரம் தன் இஷ்டப்படி மூச்சு விட்டுக்கொள்ளும், பெட்டியும் வெடிக்காது. முப்பது வருடம் விஞ்ஞானமும் கணிதமும் கற்பித்த நான் இதனை அறுபது வயதுக்குப் பிறகு ஒரு ஓடாவியாரிடம் கேட்டு அறிந்தேன்.

பெட்டிகளைப் பற்றி வாசிக்கவும் தொடங்கினேன். இந்த இலங்கைத் தீவு பெட்டிக்குப் பேர்போனது என்பதை அப்போதுதான் அறிந்தேன். 1540களிலே கோட்டை அரசன் ஏழாம் புவனேகபாகு, தன் பேரன் தர்மபாலனுடைய உருவத்தைப் பொன்னிலே செய்வித்துப் போர்த்துக்கல் மன்னனிடம் முடிசூட்ட அனுப்பினான். அந்தத் தூதோடு தொடர்புடைய, சிற்பம் செதுக்கிய தந்தப் பேழை இன்று ஜெர்மனியின் மியூனிக் நகரிலே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலிப் பகுதியிலே கருங்காலிச் சட்டங்களுக்கிடையில் முள்ளம்பன்றி முட்களை வரிசையாகப் பதித்துப் பெட்டிகள் செய்தனர். மூடியின் உட்புறத்தில் இலங்கையின் பலவகை மரத்துண்டுகளை இழைத்திருப்பர். கப்பலில் வந்தவர்கள் விரும்பி வாங்கிச் சென்றனர். பாரசீகத்தின் ஷீராஸ் நகரத்தார் வேறொரு வழியைக் கண்டனர்: மெல்லிய முக்கோணக் குச்சிகளைக் கட்டுக்கட்டாக ஒட்டி, கத்தரிக்காயைச் சீவுவதுபோல் குறுக்கே சீவி, அந்த நட்சத்திரச் சீவல்களைப் பெட்டியின்மேல் ஒட்டுவது அவர்கள் மரபு.

நம் பேச்சையே பாருங்கள். அலுமாரியும் மேசையும் கதிரையும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். மேசையின் லாச்சி ஒல்லாந்தர் தந்தது. பெட்டியும் பெட்டகமும் அவர்கள் வருமுன்னரே நம்மிடம் இருந்தன. சிங்களச் சகோதரர்களும் பெரிய பேழையைப் ‘பெட்டகம’ என்றே சொல்கிறார்கள்.

இரண்டு வருடத்தில் மாம்பலகையிலும் தேக்குத் துண்டுகளிலுமாகப் பதினொரு பெட்டிகள் செய்தேன். புறாவாற் பொருத்துக் கைவந்தது. புறாவின் விரித்த வால்போல் ஒரு பலகையின் ஓரத்தை வெட்டி, மற்றதன் பள்ளங்களில் இறக்குவது அது. மென்மரத்திற்கு ஆறுக்கு ஒன்று, வன்மரத்திற்கு எட்டுக்கு ஒன்று என்று சரிவு வைப்பர். ஆணியில்லாமலே அந்த மூலை நிற்கும். பன்னிரண்டாவது பெட்டிக்கு நாள் வந்தபோது ஓடாவியார் படுக்கையில் இருந்தார். அவரை எழுப்பிச் சாய்வு நாற்காலியில் இருத்தி, மகன்மார் தூக்கிவந்து திண்ணையில் வைத்தனர்.

முதிரைக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. அம்மரத்தை நினைத்தபடி வெட்டவும் ஏற்றவும் முடியாது, அனுமதி வேண்டும். எனக்கோ, வேறு முதிரை கிடைத்தாலும் பயனில்லை. காந்தத்தை ஓட்டிப் பார்த்துப் பழைய ஆணிகளைக் களைந்தோம். உளுத்த ஓரங்களைக் கழித்த பின் 3 அடி நீளமும் 11 அங்குல அகலமும் எஞ்சின. நாலரை அங்குல அகலத்தில் ஒரு நீளப்பட்டி எடுத்தேன். அதிலிருந்து 10, 6, 10, 6 அங்குலமாக நான்கு பக்கங்களையும் வரிசை மாறாமல் அறுத்தேன். அப்படி அறுத்தால் மரத்தின் ரேகை ஒரு மூலையில் திரும்பி அடுத்த பக்கத்திற்குத் தொடர்ந்து ஓடும். மூன்று மூலைகளில் அது பொருந்தும். பட்டியின் இரு நுனிகளும் சந்திக்கும் நாலாவது மூலையில் மட்டும் பொருந்தாது. அதைப் பின்புறம் வைப்பது தொழில் வழக்கம். முதிரைத் தூள் உடம்பில் பட்டால் சிலருக்குத் தடிப்பு உண்டாகும், எனக்கும் உண்டாயிற்று. ஆனால் அந்தத் தூள் எழுந்தபோது வந்த வாசனை, உம்மாவின் முதுகுப்புறத்தில் நின்று நான் முகர்ந்த அதே வாசனை. சிறிது நேரம் வாளை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். ஓடாவியார் ஒன்றும் கேட்கவில்லை.

இத்தகைய பெட்டியில் மூடியைத் தனியாகச் செய்வதில்லை. ஆறு பக்கமும் அடைத்து, திறக்க வழியே இல்லாத கட்டையாக முதலில் முடித்துவிட்டு, பிறகு மேலிருந்து ஒரு அங்குலம் விட்டுச் சுற்றிவர அறுப்பார்கள். அறுத்தெடுத்த மேற்பகுதியே மூடி. அதனால்தான் மூடியின் ரேகையும் பெட்டியின் ரேகையும் ஒன்றாக இருக்கும். முழுமையாக முடிந்த வேலையின் மேல் வாளை வைக்கும் அந்த நேரத்தில், என் கையும் ஓடாவியாரின் கையைப் போலவே நடுங்கிற்று.

“மாஸ்டர், வாளுக்கு வழி தெரியும். நீங்க தள்ளாதீங்க” என்றார் அவர்.

மூன்று பக்கம் கோடு தவறவில்லை. நாலாவது பக்கம், அந்தப் பொருந்தாத மூலையில், வாள் அரை நூல் விலகிற்று. நான் முகம் வெளுத்து அவரைப் பார்த்தேன். விரலால் தடவிப் பார்த்தார். “இழைச்சு எடுத்திரலாம். நான் செஞ்ச பெட்டியள்லயும் இப்பிடி இருக்கு, பின்பக்கமெண்டு ஒருத்தரும் பாக்கல்ல” என்றார். அதுவரை அவர் தம் பிழை எதையும் என்னிடம் சொன்னதில்லை.

பித்தளைப் பிணைச்சல் இரண்டு வைத்தேன். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை, பழைய மருதமுனைச் சாரத் துணியை உருட்டித் தொட்டுத் தொட்டு, பத்து நாள் தேய்த்தேன். துருவேறிய ஓர் ஆணியின் கறுத்த வட்டம் மூடியின் மேல் இருந்தது. அதை அகற்ற மனம் வரவில்லை.

ஓய்ந்திருக்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். ஏதாவதொரு கைத்தொழிலைப் பழகுங்கள். அறுபது வயதில் மறுபடி மாணவனாகி ஏச்சு வாங்குவது உடம்புக்கும் நல்லது, அகந்தைக்கும் நல்லது. சொல்லித் தரக்கூடியவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள், எப்போதும் இருக்கமாட்டார்கள். என் ஓடாவியார் அந்தப் பெட்டி முடிந்த வருடத்திலேயே மௌத்தாகிவிட்டார்.

பெட்டியை ராத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்தப் பலகை என்று சொல்லவில்லை. அவர் மூடியைத் திறந்து முகத்தருகே கொண்டுபோனார். வெகு நேரம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து உள்ளே சென்று, ஒரு திறப்பை எடுத்து வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் இடுப்பிலே செருகியிருந்த வாசற் கதவுத் திறப்பு. இத்தனை காலமும் அவர் அதை வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அதைப் பெட்டியில் வைத்து மூடினார்.

“தம்பி, இது நம்மட கதவா?” என்றார்.

ஆம் என்றேன். அவர் மூடியின் மேலிருந்த அந்தக் கறுத்த வட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த வருட மாரியில் நல்ல மழை. ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, மூடி இறுகுகிறதா என்று கேட்டேன். இல்லை, இலேசாகத் திறக்கிறது என்றார்.