புல்லட்டுக்குப் பொத்தான் எதற்கு?

தை முதல் நாள். அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு!

அந்தக் காலத்தில் காளையின் கொம்பில் கட்டிய துணியும், அதில் முடிந்த காசும்தான் வீரனுக்குப் பரிசு. இப்போது மோட்டார் சைக்கிள், கார், டிராக்டர் என்று கொடுக்கிறார்கள்.

மோட்டார் சைக்கிள் என்றதும் நம் ஜனங்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன? "எந்தக் கம்பெனி?" என்பதுதான். வண்டியில் என்ன வசதி இருக்கிறது என்பதெல்லாம் பிறகு.

கம்பெனிப் பெயர்மேல் வைத்த பாசம் கண்ணை மறைக்குமா? மறைக்கும். அதற்குச் சாட்சி வெளியூரில் தேட வேண்டாம். புல்லட் இருக்கிறது!

திருவொற்றியூர் வண்டி

இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு கம்பெனியும், சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்தன. 1956-ல் புல்லட் தயாரிப்பு இங்கே தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. ராணுவம் ஓட்டியது, போலீஸ் ஓட்டியது. பிறகு ஊர்ப் பெரிய மனிதர்கள் ஓட்டினார்கள். தெருமுனையில் சத்தம் கேட்டாலே, யார் வருகிறார் என்று வீட்டுக்குள் இருந்தபடி சொல்லிவிடுவார்கள்.

ஆனால் அதைக் கிளப்புவது லேசான வேலையா? கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். அம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். டிகம்பிரஷர் பிடியை இழுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் உதை! கணக்குத் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். முழங்கால் போனவர்களைக் கேட்டால் தெரியும்.

இந்தத் தொல்லை தீரப் பொத்தான் வந்தது. அழுத்தினால் வண்டி கிளம்பும். மற்றக் கம்பெனி வண்டியில் அதைப் பார்த்து, "அடடா, நல்ல வசதி!" என்றவர்களே, புல்லட்டில் பார்த்ததும் முகம் சுளித்தார்கள். "உதைக்காமல் கிளம்பினால் அது புல்லட்டா?" என்றார்கள்.

2008-ஐ ஒட்டிப் புது எஞ்சின் வந்தது. பழைய இரும்பு எஞ்சினுக்குப் பதில் அலுமினியம். எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அடங்கின. எண்ணெய்க் கசிவு குறைந்தது. அதற்கும் வருத்தம்! சத்தம் பழையபடி இல்லையாம். எண்ணெய் ஒழுகுவதைக்கூட வண்டியின் குணம் என்று பெருமை பேசியவர்கள் உண்டு.

நியாயமான குறை

எல்லாக் குறையும் வீண் பிடிவாதம் அல்ல. பழைய புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பிறகு இது இடம் மாறியது. இருபது வருஷம் பழகிய கால், ஆபத்து வந்தால் பழைய இடத்தைத்தானே மிதிக்கும்? பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தால் என்ன ஆகும்! அந்தக் கவலை பாசத்தால் வந்தது அல்ல. உயிருக்குப் பயந்து வந்தது.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. 1985-ல் கோகோ கோலா கம்பெனி பானத்தின் ருசியை மாற்றியது. சுமார் 2 லட்சம் பேரிடம் கொடுத்துச் சோதித்த பிறகே மாற்றியது. பெயரை மறைத்துக் கொடுத்தபோது புதுசுதான் நன்றாக இருந்தது! கடைக்கு வந்ததும் ஜனங்கள் கொதித்தார்கள். 79 நாளில் பழைய பானம் திரும்பி வந்துவிட்டது. நாக்கைச் சோதித்தவர்கள் மனதைச் சோதிக்கவில்லை.

புல்லட் கம்பெனிக்கு அப்படி நேரவில்லை. புது எஞ்சினும் பொத்தானும் வைத்து, பழைய சாயலில் 2009-ல் வந்த 'கிளாசிக்' வண்டிக்காக ஜனங்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

கடைசியில், 2023-ல் வந்த புல்லட்டில் கிக்கரையே எடுத்துவிட்டார்கள். வெறும் பொத்தான்தான். இப்போது கேள்வி வேறு. "பாட்டரி செத்தால் நடுரோட்டில் என்ன செய்வது?"

நல்ல கேள்விதான். ஆனால் கிக்கர் இருந்தாலும் முழுக் கவலையும் தீராது. புது வண்டியில் எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுவதற்கும் மின்சாரம் வேண்டும். பாட்டரி அடியோடு போய்விட்டால், எவ்வளவு பலமாக உதைத்தாலும் அது லேசில் கிளம்பாது!