கோத்தகிரியில் ஒரு நாள்

வாரத்தில் ஆறு நாள் தையல் இயந்திரங்களின் ஓசையிலும் விசைத்தறிகளின் ஓசையிலும் காலம் கழிக்கும் எங்கள் பிரதேசத்தாருக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது ஓர் அரும்பொருள். சனிக்கிழமை மாலை சம்பளம் கைக்கு வருகிறது. திங்கட்கிழமை காலை கம்பெனி வேன் மறுபடியும் வாசலில் வந்து நின்றுவிடுகிறது. இடையே கிடைக்கும் அந்த ஒரே நாளை எப்படிச் செலவிடுவது? சினிமா, கடைவீதி, உறவினர் வீட்டு விசேஷம் ஆகிய இம்மூன்றுக்கும் அப்பால் நான்காவது வழி ஒன்று உண்டு என்பதை நேயர்களுக்குத் தெரிவிக்கவே இதை எழுதுகிறோம். அவிநாசிக்கு வடக்கே உள்ள எங்கள் சேவூரிலிருந்து விடியுமுன் புறப்பட்டால், மேற்கே மலை ஏறி, ஒரு முழுப் பகலை ஆறாயிரம் அடி உயரத்தில் கழித்துவிட்டு, இராப் போஜனத்திற்கு வீடு திரும்பிவிடலாம்.

மலை என்றதும் இக்காலத்துப் பிள்ளைகளின் மனம் நேரே பனிமலைக்குத் தாவிவிடுகிறது. காஷ்மீரத்துக் குல்மார்க்கிலும், உத்தராகண்டத்து ஆலியிலும், சிம்லாவுக்கு அப்பாலுள்ள சிற்றூராகிய நார்க்கண்டாவிலும், காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு பனிச் சரிவுகளில் வழுக்கிச் செல்லும் விளையாட்டைக் கைப்பேசியில் கண்டு களிக்கிறார்கள். எங்கள் தமக்கையாரின் புதல்வனும் அத்தகைய ரஸிகன்தான். புறப்படுவதற்கு முந்திய இரவு அவன், "மாமா, கோத்தகிரியிலே பனிச்சறுக்கு உண்டுங்களா?" என்று கேட்டான். இல்லை என்றோம். நீலகிரியின் உயர்ந்த பள்ளங்களில் மார்கழி, தை மாதங்களில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்திருக்கும்; வெயில் ஏறியதும் மறைந்துபோகும். அதன்மேல் சறுக்குவதற்கில்லை.

அப்பனிமலைகளுக்கே இப்போது சோதனைக் காலம் வந்திருக்கிறது என்பதையும் அவனுக்குச் சொன்னோம். 2024 ஜனவரியில் குல்மார்க்கின் சரிவுகள் பனியின்றிப் பழுப்பு நிறமாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கே நடைபெறவிருந்த தேசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள், போதிய பனி விழாமையால் தள்ளி வைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. மலை வாடினால் விளையாட்டு மட்டுமா நின்றுபோகும்? பனி உருகி வரும் ஆற்றை நம்பியிருக்கும் சமவெளியும் அல்லவா வாடும்! இந்த விஷயம் நம் மேற்குமலைக்கும் பொருந்தும் என்பதை மறுநாள் நேரிலேயே கண்டோம்.

தை மாதத்து ஞாயிறு அது. இரண்டு குடும்பத்தார் ஒரு வாடகை வேனில் ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். புளிச்சோறும் தயிர்ச்சோறும் தூக்குப் பாத்திரங்களில் ஏறின. சேவூர் நிலக்கடலைச் சந்தைக்குப் பெயர்போன ஊராதலால் வறுத்த கடலை ஒரு பை நிறைய வந்தது. அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் சேர்ந்தபோது பொழுது புலர்ந்தது. பவானியாற்றுப் பாலத்தைக் கடந்த பின் பாதை இரண்டாகிறது. ஒன்று குன்னூருக்கும் உதகைக்கும் போவது. பெருங்கூட்டம் செல்லும் பாதை அதுவே. மற்றொன்று கோத்தகிரிக்குப் போவது. நாங்கள் இரண்டாவதைப் பிடித்தோம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்.

வழியில் குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பிளாஸ்டிக் பொருள்கள் உண்டா என்று பார்க்கிறார்கள். அப்பகுதி யானைகள் நடமாடும் காடு. பலாப்பழக் காலத்தில் அவை சாலைக்கே வந்துவிடும். அதற்கு மேல், வளைவுக்கு ஒரு காட்சியாகத் தேயிலைத் தோட்டங்கள் விரிகின்றன. அரவேணுவை அடைந்தபோது, வேனிலிருந்த அனைவரும் சால்வையைத் தேட ஆரம்பித்தார்கள்.

கோத்தகிரி சிறிய ஊர். உதகையைப் போலப் பெரிய ஏரியோ, குதிரைச் சவாரியோ, பொம்மை ரயிலோ இங்கே கிடையா. கடைவீதியை அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். கோத்தர் என்னும் மலைமக்களின் பெயரே ஊருக்கு வாய்த்தது. மட்பாண்டம், கொல்லுத் தொழில், வாத்திய இசை ஆகியவற்றில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். சுற்றிலும் படுகர் ஊர்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறு தேயிலை விவசாயிகள்.

ஊரிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில் கன்னேரிமுக்கு என்ற கிராமம் இருக்கிறது. கோயமுத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819 ஆம் ஆண்டு இம்மலைக்கு ஏறி வந்து, முதலில் வீடு கட்டிய இடம் இதுவே. உதகையின் கல்வீடு அதற்குப் பின் வந்தது. இவ்வீட்டைச் செப்பனிட்டு இப்பொழுது நினைவகமாக வைத்திருக்கிறார்கள். சல்லிவன் நீலகிரியைக் "கண்டுபிடித்தார்" என்று பழைய பாடப் புத்தகங்கள் கூறும். கோத்தரும் தோடரும் படுகரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த மலையை வேறொருவர் கண்டுபிடிப்பது எப்படியென்பது எங்களுக்கு என்றும் விளங்கியதில்லை! ஆயினும் நிலத்தின் மேல் தோடருக்கு உரிமை உண்டென்று அந்தக் காலத்திலேயே தம் அரசாங்கத்தாருடன் வாதாடியவர் அவர் என்பதையும் மறத்தல் நியாயமன்று.

ஊருக்கு மூன்று கிலோமீட்டரில் உள்ள லாங்வுட் சோலைதான் கோத்தகிரியின் உண்மையான செல்வம். வனத்துறையாரின் அனுமதி பெற்று உள்ளே நடந்தோம். 116 ஹெக்டேர் பரப்புள்ள பழங்காடு அது. வெளியே வெயில், உள்ளே பத்தடி சென்றதும் அந்தி நேரம் போன்ற நிழல். மரங்களின் மேலெல்லாம் பாசி; காலடியில் மெத்தைபோல் உதிர்ந்த இலைகள். நீலகிரி மரப்புறா போன்ற, உலகில் வேறெங்கும் எளிதில் காண முடியாத பறவைகள் இங்கே வாழ்கின்றன. 2024 ஜனவரியில் இச்சோலை ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

"காட்டை எதற்கு ஈரநிலம் என்கிறார்கள்? குளத்தையல்லவா அப்படிச் சொல்லவேண்டும்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சோலைக்காட்டின் மண் ஒரு பஞ்சு. மழைக்காலத்தில் பெய்வதைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்த மாதங்களிலும் ஊற்றாகவும் ஓடையாகவும் சிறுகச் சிறுக விடுகிறது. பக்கத்துக் கிராமங்கள் அந்த நீரையே குடிக்கின்றன. காட்டை வெட்டினால் மழை பெய்யாமற் போகுமோ இல்லையோ, பெய்த மழை ஒரே நாளில் மண்ணையும் வாரிக்கொண்டு இறங்கிப் போய்விடும் என்பது நிச்சயம்.

மத்தியானம் கோடநாடு சேர்ந்தோம். கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டர் கிழக்கே, மலை முடிந்து நாடு தொடங்கும் விளிம்பு அது. கட்டுச்சோற்றை அவிழ்ப்பதற்கு முன்பே எல்லோரும் காட்சிமுனைக்கு ஓடிவிட்டார்கள். ஒரு பக்கம் ரங்கசாமி சிகரம். நேர் கீழே, தலை சுற்றும் ஆழத்தில், மோயாற்றுப் பள்ளத்தாக்கும் அதன் நடுவே தெங்குமரஹாடா கிராமமும். தொலைவில் பவானிசாகர் நீர்த்தேக்கம் வெள்ளித் தகடுபோல் மின்னிற்று.

எங்கள் தமக்கையார் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். அவர் வெகு நேரம் அந்த நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏந் தம்பி, நம்ம பக்கத்துக் குளத்துக்கு இப்போ வர்ற தண்ணியும் இதுதானா?" என்று கேட்டார்.

இதுதான். மலையின் ஒருபுறம் மோயாறும் மறுபுறம் பவானியும் இறங்கி, 1955 இல் கட்டி முடிந்த பவானிசாகர் அணையில் கூடுகின்றன. அங்கிருந்து கீழ்பவானிக் கால்வாய் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் செய்கிறது. ஆறு மேலும் ஓடிக் காலிங்கராயன் அணைக்கட்டைக் கடந்து காவிரியில் சேர்கிறது. அவ்வணைக்கட்டுக்குக் கீழே வீணாகும் உபரி நீரை இயந்திரங்களால் ஏற்றி, குழாய்களின் வழியாக ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருவதே அத்திக்கடவு–அவிநாசித் திட்டம். அறுபது ஆண்டுகளுக்கு மேல் எங்கள் பக்கத்தார் கேட்டுக்கேட்டு அலுத்த அத்திட்டம், 2024 ஆகஸ்டு 17 ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. ஆகவே இம்மலையில் விழும் ஒரு துளி, பெருஞ்சுற்றுச் சுற்றி எங்கள் குளத்துக்கு வந்து சேர்கிறது.

தண்ணீரைக் கெடுத்தால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூர்ச் சீமையாருக்கு வேறொருவர் போதிக்க வேண்டியதில்லை. நொய்யலில் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினோம். சாயக் கழிவு வந்து நிறைந்து, விவசாயிகளே அந்நீர் வேண்டாமென்றார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவினால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது எத்தனை குடும்பங்கள் திண்டாடின என்பதும் நாம் அறிந்ததே. அவ்வாறு ஆற்றின் அடியில் செய்ததை அதன் தலையிலும் செய்யலாமா?

மலைக்கு வரும் கூட்டத்தைப் பற்றிக் கவலை பிறப்பது இதனால்தான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 ஆம் ஆண்டு கோடையில் வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் இட்டார்கள். எண்ணாயிரம் வண்டிகள் ஒரே நாளில் ஏறினால் அத்தனை பேருக்கும் குடிநீர் எங்கிருந்து வரும்? அவர்கள் எறியும் குப்பை எங்கே போகும்? இரண்டுக்கும் விடை அந்த ஓடைகளே.

கோத்தகிரிக்குச் செல்ல விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். சித்திரை, வைகாசியைத் தவிர்க்கவும். அப்போது மலைப்பாதைகளை ஒருவழியாக்கிக் கோத்தகிரிச் சாலையை இறங்குவதற்கு மட்டும் விடுவது வழக்கம். சொந்த வண்டியாயின் புறப்படுமுன் இ-பாஸ் விதியை விசாரித்துக்கொள்ளவும். அரசாங்க பஸ்ஸில் போனால் அந்தத் தொல்லையே இல்லை. தண்ணீரைப் பித்தளைச் செம்பிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ கொண்டு செல்லவும். சோலையில் உரக்கப் பேச வேண்டாம். பொழுது சாயுமுன் குஞ்சப்பனையைத் தாண்டி இறங்கிவிடவும். இருட்டிய பின் அந்தச் சாலை யானைகளுக்கு உரியது.

நாங்கள் ஐந்து மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்கினோம். பனிச்சறுக்கு இல்லையே என்று முதல் நாள் குறைப்பட்ட பையன், சோற்றுப் பாத்திரங்களையும் எச்சில் இலைகளையும் கடலைத் தோலையும் ஒரு பையிலே கட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். யாரும் அவனை ஏவவில்லை. அடுத்த ஞாயிற்றில் மலை ஏறும் நேயர்களும் இதையே செய்வார்களானால், கோத்தகிரியைப் பற்றி ஊரறிய எழுதிவிட்டோமே என்ற கவலை எங்களுக்கு இராது.