முகத்துவாரம் இல்லாத ஏரி

கோடையில் பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் சில ஆண்டுகளில் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்ளும். கடல் உள்ளே வராது. வெயில் ஏரியைச் சுண்டவைக்கும், உப்பு ஏறும். தூர்வாரச் சொல்லி லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது படகு போக மட்டுமல்ல. கடல்நீரோடுதான் இறால் குஞ்சும் உள்ளே ஏறும்.

சென்னை கொளத்தூரில் கண்ணாடித் தொட்டி வாங்கி வீட்டில் கடல் வைப்பவர், உண்மையில் முகத்துவாரமே இல்லாத ஓர் ஏரியை வாங்கி வருகிறார். முதல் இரண்டு, மூன்று வாரங்களில் மணல்மேல் பழுப்புப் பொடி படியும். இவை டயட்டம் எனும் நுண்பாசிகள். கண்ணாடிக்கான மூலப்பொருளான சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்பவை. புது மணலிலும் நம் போர் தண்ணீரிலும் அதற்குப் பஞ்சமில்லை. சிலிக்கா தீர்ந்தால் பெரும்பாலும் தானே அடங்கும்.

அடுத்து வரும் பச்சை நூல்பாசிதான் தொல்லை. மீனின் கழிவு அம்மோனியாவாகிறது. அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்தப் பாக்டீரியாக்கள் குடியேறவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து மீனை நிறைய விட்டு, இறால் துண்டுகளை அள்ளிப் போட்டால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் குவியும். விளக்கும் இரவுவரை எரிந்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்? சுரண்டிச் சுரண்டி அலுத்துப்போவோர்தான் அதிகம். சாப்பாடு போடுகிறவரே தாம்தான் என்பது கடைசியில்தான் உறைக்கிறது.

சென்னை வெயிலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பும் மற்றவையும் அங்கேயே தங்கும். குறைந்ததை போர் தண்ணீரால் நிரப்பினால் ஒவ்வொரு முறையும் சிலிக்கா கூடுகிறது. நிரப்ப ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி. வாரம் பத்து சதவீத நீரை மாற்றி, விளக்கை எட்டு மணி நேரத்துக்குமேல் எரியவிடாதிருந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியை ஏரியில் மேய்ச்சல்காரர்கள் செய்கிறார்கள். மடவை மீன் சேற்றின் மேல்படலத்தை உறிஞ்சி, கோழியின் அரைவைப்பை போன்ற தடித்த வயிற்றில் மணலோடு அரைத்து டயட்டம்களைச் செரிக்கும். சேற்றுத் தளத்தில் சிறு நத்தைகள் கூட்டம் கூட்டமாக நகர்ந்து அதையே தின்னும். வீட்டுத் தொட்டியில் அந்த வேலையைக் கடைகளில் விற்கும் கடல் நத்தைகளிடம் கொடுக்கலாம். ஏரியிலிருந்தே அள்ளிவர ஆசைப்படாதீர்கள்: அது பறவைகள் சரணாலயம், தவிர மழைக்காலத்தில் அங்கே உப்பு சடசடவென இறங்கிவிடும், அந்த நீரில் பழகியது உங்கள் தொட்டியில் நிலைப்பது சந்தேகம்.

பாசியே கூடாது என்பவர்களுக்கு ஒரு செய்தி. பிலிப்பைன்ஸில் பால்கெண்டை வளர்ப்போர் குளத்தைக் காயவிட்டு, கோழி எரு இட்டு, ஆழமில்லாமல் தண்ணீர் விட்டுக் காத்திருப்பார்கள். தரையில் பச்சையும் பழுப்புமாய் ஒரு கம்பளம் விரியும். அதற்கு 'லேப்-லேப்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நாம் வாரக்கடைசியில் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தெடுக்கும் அதே வழவழப்பு, அங்கே மீனுக்குத் தீவனம்.