புராஸ்டேட் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்



ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய ஆண்கள் பலருக்கு, மூத்திரப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி பெருத்துவிடுகிறது. சிறுநீர்க் குழாய் அதன் நடுவே செல்வதால் நெருக்கப்படுகிறது. சிறுநீர் மெல்லிசாக, விட்டுவிட்டு வருகிறது; இரவில் நாலைந்து தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது. இது புற்றுநோய் அல்ல. பலருக்கு மாத்திரையிலேயே கட்டுப்படும்.

சுகம் தெரிந்ததும், "நல்லாயிட்டுது, இனி மாத்திரை எதுக்கு?" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். மாத்திரை தீர்ந்து, வாங்கப் போக முடியாமல் விடுகிறவர்களும் உண்டு. இதில் என்ன கேடு?

இந்த மாத்திரைகளில் முக்கியமாக இரண்டு வகை. டாம்சுலோசின் போன்றவை தசையைத் தளர்த்தி சிறுநீருக்கு வழி விடுகின்றன, சுரப்பியைச் சுருக்குவதில்லை. நிறுத்தினால் சில நாளிலேயே பழைய தொல்லை திரும்பலாம். பினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு ஆகியவை சுரப்பியைச் சுருக்குகின்றன; நல்ல பலன் தெரிய ஆறு மாதம்கூட ஆகும். நிறுத்தினால் சுரப்பி மெல்ல மெல்ல மறுபடி பெருக்கும். அடைப்பு முற்றி, சிறுநீர் அடியோடு கட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

மாத்திரையை நிறுத்தவே கூடாதா? அப்படியில்லை. தலைச்சுற்றல், விந்து குறைதல், தாம்பத்திய ஆசை குறைதல் ஆகிய தொல்லைகள் இருந்தால் கூச்சப்படாமல் கணவன் மனைவி இருவருமாகப் போய் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றலாம். இரண்டு வகையும் சாப்பிடுகிறவருக்கு, சில மாதம் கழித்து, மூத்திரப்பையில் நீர் தங்குகிறதா என்று ஸ்கேனில் பார்த்து, ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்ப்பதும் உண்டு.

நினைவில் வையுங்கள்:

1. நிறுத்திய பிறகு, இரவில் எத்தனை தடவை எழுந்தார் என்று வீட்டம்மா கணக்கு வைக்கட்டும். அதிகமானால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

2. டாம்சுலோசினைப் பல நாள் விட்டிருந்தால் நீங்களாகத் திரும்பத் தொடங்காதீர்கள். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரைக் கேளுங்கள்.

3. சளி மாத்திரைகள் சில சிறுநீரைக் கட்டிவிடும். கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

4. கண்புரை ஆபரேஷனுக்குப் போனால், டாம்சுலோசினை நிறுத்தியிருந்தாலும், முன்பு சாப்பிட்டதைக் கண் டாக்டரிடம் சொல்லுங்கள்.

5. மிஞ்சிய பினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு உடைந்திருந்தால் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. வயிற்றில் உள்ள ஆண் குழந்தைக்குக் கெடுதல்.

அடிவயிறு வீங்கி, வலித்து, சொட்டுக்கூட சிறுநீர் வராவிட்டால் அது அவசரம். குளிர்காய்ச்சலோ சிறுநீரில் ரத்தமோ கண்டாலும் தாமதிக்காதீர்கள். கொல்லிமலையிலிருந்து இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. "பொழுது விடியட்டும்" என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்; செம்மேட்டு அரசு மருத்துவமனைக்கோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உடனே செல்லுங்கள்.

மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கி வையுங்கள். தொடங்கியதும் டாக்டரைக் கேட்டுத்தான். நிறுத்துவதும் டாக்டரைக் கேட்டுத்தான்.