நுவரெலியாத் தட்டில் அண்டீஸ் மலை

நுவரெலியாவைக் குட்டி இங்கிலாந்து என்று அழைக்காத பயணக் குறிப்பு அரிது. செங்கல் தபாற்கந்தோரையும் குதிரைப் பந்தயத் திடலையும், 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் அமைந்த வாவியையும் மட்டும் பார்த்துத் திரும்புகிறவருக்கு அது சரியாகவே படும். ஆனால் மத்திய சந்தைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, பஸ் நிலையத்துப் பக்கத்துக் கடையொன்றில் ரொட்டியும் கிழங்குக் கறியும் சாப்பிட்டுவிட்டு, ஹக்கல தாவரவியல் பூங்காவுக்கும் போய்வந்தவருக்கு வேறொரு மலைநாடு நினைவுக்கு வரவேண்டும்: தென் அமெரிக்காவின் அண்டீஸ். அந்த மலைத்தொடரில் 2,850 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஈக்வடோரின் தலைநகர் கீட்டோவுக்கும் 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்கும் உள்ள உறவு, லண்டனோடு உள்ள உறவைவிட மிக நெருக்கமானது.

முதலில் கிழங்கைப் பார்ப்போம். உருளைக்கிழங்கை மனிதர் பயிராக்கியது இன்றைய தென் பெருவிலும் வட பொலிவியாவிலும், டிட்டிகாக்கா ஏரியைச் சூழ்ந்த மேட்டு நிலத்தில். 7,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி அது. அந்தச் செடிக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. பகல் எவ்வளவு நீளம் என்பதை இலைகள் அளக்கின்றன. பகல் போதிய அளவு குறுகியிருந்தால் இலையில் ஒரு புரதம் உருவாகி, தண்டு வழியாக மண்ணுக்குள் இறங்கி, "இனிக் கிழங்கு வை" என்று சொல்கிறது. பூமத்திய ரேகைக்கு அருகில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அதற்குப் பழகிய அண்டீஸ் கிழங்கு ஐரோப்பாவுக்குப் போனபோது, அங்கே நீண்ட கோடைப் பகலில் இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே இருந்தது. பகல் சுருங்கி, பனிக்காலம் நெருங்கிய பிறகே கிழங்கு வைத்தது. நீண்ட பகலிலும் விளையும் இரகங்களைத் தேர்ந்தெடுக்க ஐரோப்பியருக்கு வெகுகாலம் பிடித்தது.

நுவரெலியா பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதோடு குளிர் இரவும் சேர்கிறது. இரவு சூடாக இருந்தால் கிழங்கு வைக்கச் சொல்லும் செய்தி மங்கிவிடும். பகலில் சேர்த்த மாச்சத்தையும் செடி இரவில் மூச்சுவிட்டே கரைத்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 பாகை குறையும். கொழும்பு வியர்க்கும்போது நுவரெலியாவுக்குப் பக்கத்துக் கந்தப்பளை கம்பளி கேட்பதற்குக் காரணம் அதுதான். பகலின் நீளம் மாறாமல், குளிர் மட்டும் கூடிய இடத்தை வெப்பநாட்டு மலைதான் தரும்.

கீட்டோவின் பழைய நகரம் 1978இல் யுனெஸ்கோ அறிவித்த முதல் உலக மரபுரிமை இடங்களில் ஒன்று. அங்கே சந்தைக் கடைகளில் "லோக்ரோ" என்ற கிழங்குச் சூப் கிடைக்கும். குழைய வேகவைத்த கிழங்கில் சீஸ், மேலே அவகாடோத் துண்டுகள். நம்மூரில் அதே கிழங்கு ரோல்ஸுக்குள்ளும் கட்லட்டுக்குள்ளும் புகுந்து, மிளகாய்த் தூளோடு ரொட்டிக்குத் துணையாக வருகிறது. அந்த மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் செடியே.

இரண்டு ஊர்ச் சமையற்காரருக்கும் பொதுவான ஒரு தொல்லையும் உண்டு. உயரே காற்றழுத்தம் குறைவு; ஆகவே தண்ணீர் 100 பாகையை எட்டுமுன்னே கொதித்துவிடும். நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலும், கீட்டோவில் 90, 91 பாகையிலும் கொதிக்கும். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பானையில் அதற்குமேல் சூடு ஏறாது. கடலையும் பருப்பும் மலையில் வேக மறுப்பது அதனால்தான். மூடிய குக்கர் உள்ளே அழுத்தத்தைக் கூட்டி அந்தக் குறையைத் தீர்க்கிறது.

சந்தையில் முட்டை வடிவில் சிவந்து கிடக்கும் மரத்தக்காளியைத் தேடிப் பாருங்கள். அதன் தாயகமும் அண்டீஸ்தான். கீட்டோவில் காலைச் சாறு அது. பாதையோரம் விற்கும் ஸ்ட்ரோபெரியின் கதை இன்னும் சுவையானது. 1714இல் ஃப்ரெசியே என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் சிலி நாட்டிலிருந்து பெரும்பழச் செடிகளைப் பிரான்சுக்குக் கொண்டுபோனார். அவை பெண் செடிகள். மகரந்தமின்றி மலடாக நின்றன. வட அமெரிக்க ஸ்ட்ரோபெரியை அருகில் நட்ட பின்னரே காய்த்தன. அந்தக் கலப்பில் பிறந்ததே இன்று உலகம் முழுவதும் விளையும் பழம்.

ஹக்கல பூங்காவை ரோஜாவுக்காகவே பலரும் பார்க்கிறார்கள். அது 1861இல் தொடங்கப்பட்டது சின்கோனாவுக்காக. மலேரியாவை அடக்கும் கொயினா அந்த மரத்தின் பட்டையில் இருக்கிறது. 1820இல் பாரிஸில் பெல்லெத்தியே, கவந்து என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1860இல் தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் ஈக்வடோரின் சிம்பொராசோ மலைச்சரிவிலிருந்து விதைகளையும் நாற்றுகளையும் இந்தியாவுக்கு அனுப்பினார். 1869இல் இலங்கையின் கோப்பியில் துருநோய் விழுந்தபின் தோட்டங்கள் சின்கோனாவுக்குத் தாவின. 1880களில் பட்டை குவிந்து விலை சரிந்தது. கொயினா மிகுந்த ஜாவாப் பட்டையோடு போட்டியிட முடியாமல் போகவே, நிலம் தேயிலைக்கு மாறியது. மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்து, வழியெல்லாம் காய்ச்சலுக்கும் பேதிக்கும் உறவுகளைப் பறிகொடுத்த தோட்டத் தொழிலாளரான நம் முன்னோரின் உழைப்பில்தான் அந்தப் பட்டையும் உரிக்கப்பட்டது. பூங்காவின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நுவரெலியா போகிறவர்கள் ஹக்கலவில் சின்கோனா பற்றிப் பூங்கா ஊழியர்களிடம் கேளுங்கள். திரும்பும்போது, விளைவித்தவரே பாதையோரம் வைத்து விற்கும் கிழங்கில் இரண்டு கிலோ வாங்குங்கள். இறக்குமதிக் கிழங்கின் விலையோடு போராடும் சிறு விவசாயியின் கைக்கு அந்தப் பணம் நேரே போய்ச் சேரும்.