பழைய கணக்கு மென்பொருளைச் சிக்கனமாக மாற்றுவது

புனேவை அடுத்த பிம்ப்ரி-சிஞ்ச்வட், போசரி தொழிற்பேட்டைகளில் வாகன ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் ஏராளம். இத்தகைய சிறு நிறுவனங்களில் இருக்கும் பழைய கணக்கு மென்பொருள் பொதுவாக இரண்டு வகைப்படும். ஒன்று, டேலியின் ஏதோ ஒரு பழைய பதிப்பு. மற்றொன்று, உள்ளூர் நிரலாளர் ஒருவர் ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம். எழுதியவர் ஊரை விட்டுப் போனபின்பும் அது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பில் அடித்துக்கொண்டிருக்கும். ஓடுகிற வரை ஓடட்டும் என்று முதலாளியும் விட்டுவிடுவார்.

அது நிற்பதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, கணினி. பழைய 16 பிட் டாஸ் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாக இயங்குவதில்லை. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்தன. விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2015-லேயே நிறுத்தியது. பழைய கணினி பழுதானால் மென்பொருளும் கூடவே போய்விடும்.

இரண்டாவது, சட்டம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் பிற வணிக நிறுவனங்களுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் போட வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கம்பெனிகளாகப் பதிவானவற்றுக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. ஒரு பதிவு திருத்தப்பட்டால், என்ன மாறியது, எந்தத் தேதியில் மாறியது என்ற தடத்தை மென்பொருளே குறித்துவைக்க வேண்டும். அந்த வசதியை யாரும் அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். இது 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. தனிநபர் உரிமையில் நடக்கும் பட்டறையை இவ்விதி கட்டுப்படுத்தாது.

எந்த விதி தனக்குப் பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாலே பாதி வீண்செலவு தவிர்ந்துவிடும். மாதத்துக்குச் சில இன்வாய்ஸ்கள் மட்டும் போடுகிற பட்டறைக்கு, தேசிய தகவலியல் மையம் தரும் இலவச இ-இன்வாய்ஸ் கருவியே போதுமானதாக இருக்கலாம். விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கென ஜி.எஸ்.டி. வலையமைப்பு சில தனியார் மென்பொருள்களை இலவசமாக ஏற்பாடு செய்தது.

டேலி பழகிய கணக்காளர் இருக்கும் இடத்தில், 2020-இல் வெளிவந்த டேலி பிரைமுக்கு மாறுவது எளிது. அதை மொத்தமாகவும் வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். மொத்தமாக வாங்கினாலும், புதிய பதிப்புகள் தொடர்ந்து கிடைக்க ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய இ.ஆர்.பி.நெக்ஸ்ட் திறமூல மென்பொருள். உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும், சர்வர் வாடகை வேண்டும். ஆகவே ஒப்பிட வேண்டியது முதல் நாள் விலையை அல்ல. ஐந்தாண்டுக்கு ஆகும் உரிமம், சந்தா, பயிற்சி, பராமரிப்பு எல்லாம் சேர்ந்த தொகையை.

கணக்குப் போடும்போது பலர் மறப்பது தரவு மாற்றும் கூலியை. பதினைந்து ஆண்டு வவுச்சர்களையும் புதிய மென்பொருளில் ஏற்றச் சொன்னால், பட்ஜெட் அங்கேயே கரைந்துவிடும். அது தேவையும் இல்லை. நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1-ஆம் தேதி ஆரம்ப இருப்புகளை மட்டும் கொண்டுசென்றால் போதும்.

ஆனால் அந்த இருப்பு விவரமாக இருக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் 3,40,000 ரூபாய் பாக்கி என்று ஒரே வரியில் ஏற்றினால், மே மாதம் அவர் 85,000 ரூபாய் அனுப்பும்போது அது எந்தப் பில்லுக்கு என்று தெரியாது. பாக்கியைப் பில் எண், தேதி, தொகை என்று பிரித்தே ஏற்ற வேண்டும். ஜாப் ஒர்க்குக்கு வெளியே அனுப்பிய மூலப்பொருளுக்கும் இதே முறைதான். அது ஓராண்டுக்குள் திரும்பி வரவேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி; எனவே நிலுவையிலுள்ள ஒவ்வொரு டெலிவரி சலானும் அதன் தேதியோடு புதிய கணக்கில் இருக்க வேண்டும்.

ஏற்றுமுன் பெயர்ப் பட்டியலைச் சுத்தம் செய்வது நல்லது. 'கணேஷ் இன்ஜினியரிங்', 'கணேஷ் இன்ஜி.', 'கணேஷ் இன்ஜி. ஒர்க்ஸ்' என்று ஒரே வாடிக்கையாளர் மூன்று பேரேடுகளில் உட்கார்ந்திருப்பார். 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை வைத்து இவற்றை அடையாளம் காணலாம். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு (மகாராஷ்டிராவுக்கு 27), அடுத்த பத்தும் பான் எண். மூன்று பேரேட்டிலும் எண் ஒன்றாக இருந்தால், மூன்றையும் ஒன்றாக்கிவிடலாம். இந்த வேலையை வெளியாளுக்குக் கூலி கொடுத்துச் செய்விப்பதைவிட, வாடிக்கையாளர்களை அறிந்த சொந்தக் கணக்காளரே ஓய்வு நேரத்தில் செய்வது மலிவு, பிழையும் குறைவு.

மாற்றம் நிகழும் ஏப்ரல் மாதம் முழுவதும் இரு மென்பொருள்களிலும் பதிவு போடுவது பாதுகாப்பு. மாத முடிவில் இரண்டிலும் டிரையல் பேலன்ஸ், சரக்கு இருப்பு, கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி. மூன்றும் ஒத்துப்போனால் பழையதை நிறுத்தலாம். ஒத்துப்போகாவிட்டால், வித்தியாசம் எந்தப் பேரேட்டில் என்று பார்ப்பதற்கு ஒரு மாதப் பதிவுகளே இருக்கும், தேடுவது கடினமல்ல.

பழைய தரவைத் தூக்கி எறிய முடியாது. கம்பெனிகள் 8 ஆண்டுக் கணக்கை வைத்திருக்க வேண்டும், ஜி.எஸ்.டி. ஆவணங்களை, அந்தந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும். ஆண்டுவாரியாகப் பேரேடுகளை பி.டி.எஃப். ஆக்கி இரண்டு இடங்களில் வைப்பது எளிய வழி. ஃபாக்ஸ்புரோவின் டி.பி.எஃப். கோப்புகளை இலவச லிப்ரே ஆபீஸ் கால்க்கிலேயே திறக்கலாம். மராத்தியில் பதிந்த கணக்குகளில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு: புனேயின் மாடுலர் இன்ஃபோடெக் தந்த ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும் பெயர்கள், எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே சேமிக்க வேண்டும். சேமித்த பிரதி வேறொரு கணினியில் திறக்கிறதா என்று சோதித்து, புதிய மென்பொருளில் முதல் ஆண்டுத் தணிக்கையும் முடிந்துவிட்டால், பழைய கணினியைக் கழித்துவிடலாம்.