கல்வி இலவசம்தானே, பிறகு எதற்கு உதவித்தொகை?

சந்தேகங்களும் விளக்கங்களும்

உயர்தர மாணவர்களுக்கான பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகள் வெளியானதும் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இரு தரப்பிலிருந்தும் கேள்விகள் வரும். உதவ முன்வரும் புலம்பெயர் உறவுகளும் பழைய மாணவர் சங்கங்களும் ஒரு தரப்பு. உதவி தேடும் பிள்ளைகளும் பெற்றோரும் மறு தரப்பு. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கான விளக்கங்கள் இவை.

அரச பல்கலைக்கழகத்தில் கட்டணமே இல்லை. பிறகு காசு எதற்கு?

இலவசமாகக் கிடைப்பது படிப்பு மட்டும்தான். இருப்பிடமும் சாப்பாடும் அதற்குள் அடங்காது. முல்லைத்தீவுப் பிள்ளைக்கு மொறட்டுவையிலோ பேராதனையிலோ இடம் கிடைத்தால், விடுதி இல்லாத வருடங்களில் போடிங் (தனியார் தங்குமிடம்) தேட வேண்டும். அங்கே முதல் மாத வாடகையோடு முற்பணமும் கேட்பார்கள். பஸ், போட்டோகொப்பி, மடிகணினிச் செலவுகள் தனி. பொறியியல் 4 வருடம், மருத்துவம் 5 வருடம். அத்தனை காலமும் வீட்டுக்கு இன்னொரு சம்பளம் வராது என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

மகாபொல இருக்கிறதே, அது போதாதா?

1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில், 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தப்பட்டது. பர்சரி எனப்படும் மற்றைய அரச உதவித்தொகை 4,000இலிருந்து 6,500 ஆனது. ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். 7,500 என்பது நாளொன்றுக்கு 250 ரூபா. கடையில் மூன்று வேளை சாப்பிட அது காணாது. தவணை பிந்தினால் கடன்தான்.

மகாபொல எடுப்பவர் நன்கொடையாளர் உதவிக்கும் விண்ணப்பிக்கலாமா?

அது அந்தந்த நிதியத்தின் விதியைப் பொறுத்தது. எதுவும் கிடைக்காதவர்களுக்கே முன்னுரிமை தரும் நிதியங்கள் உண்டு. எது கிடைத்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். பின்னர் தெரியவந்தால் உள்ளதும் நின்றுவிடும்.

பெற்றோர் நினைவாக ஒரு தொகையை வைப்பிலிட்டு வட்டியைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் கணக்குப் பார்த்துச் செய்யுங்கள். 10 லட்சம் ரூபாவுக்கு 8 வீத வட்டி என்றால் வருடத்துக்கு 80,000. ஒரு பிள்ளைக்கு மாதம் 6,600 ரூபா அளவில் வரும். முன்னொரு காலத்தில் பெரிய கொடையாக இருந்த 1 லட்சத்துக்கு இதே வீதத்தில் மாதம் 700 ரூபாகூடத் தேறாது. 2022இல் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது இப்படியான பழைய வைப்புகள் பெயரளவில்தான் மிஞ்சின. வட்டியில் ஒரு பங்கை முதலோடு சேர்ப்பதும், இடையிடையே முதலைக் கூட்டுவதும் அவசியம்.

ஒரு பிள்ளையை நேரடியாகப் பொறுப்பெடுப்பது நல்லதல்லவா?

கொடுப்பவருக்கு மனநிறைவு கிடைக்கும். ஆனால் கனடாவில் அவருக்கு வேலை போனால், இங்கே இரண்டாம் வருடத்தில் பிள்ளை நடுத்தெருவில் நிற்கும். பலர் சேர்ந்த பொதுநிதியில் ஒருவர் விலகினாலும் மற்றவர்கள் தாங்குவார்கள். முதல் வருடம் 20,000 கொடுத்து அடுத்த வருடம் கைவிடுவதைவிட, பட்டம் முடியும்வரை தவறாமல் 5,000 கொடுப்பதே பிள்ளையைப் படிப்பில் நிறுத்தும். காசை உண்டியல் எனப்படும் முறைசாரா வழியில் அனுப்பாமல் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். கணக்குக் காட்டுவதும் சுலபம்.

உண்மையிலேயே கஷ்டப்பட்ட பிள்ளைதானா என்று எப்படி அறிவது?

கிராம உத்தியோகத்தரின் வருமான அத்தாட்சி ஒரு தொடக்கம் மட்டுமே. கடற்றொழிலாளிக்கும் கூலித் தொழிலாளிக்கும் எல்லா மாதமும் ஒரே வருமானம் வராது. வீட்டில் எத்தனை பேர் படிக்கிறார்கள், உழைப்பவர் யார், கடன் எவ்வளவு என்பதையும் விசாரியுங்கள்.

மேடையில் காசோலை கொடுத்துப் படம் எடுக்கலாமா?

வேண்டாம். வங்கிப் பதிவும் பருவப் பரீட்சைப் பெறுபேறுமே போதிய சான்று. படம் வெளிவரும் என்ற பயத்தில் விண்ணப்பிக்காமல் விடும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் அதிகம் தேவையுள்ளவர்கள்.

எங்கே விசாரிக்கலாம்?

பல்கலைக்கழகத்தின் மாணவர் நலச்சேவைப் பிரிவிலும், படித்த பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்திலும். அனுமதி கிடைத்த உடனேயே கேளுங்கள். போடிங்குக்கு முற்பணம் கட்டக் கடன் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.